அப்பாவுக்கு வெறும் அல்ட்ராசவுண்ட் போதுமா? எம்.ஆர்.ஐ. எடுத்தால் என்ன?

உவர்மலை மகள் · செவ்வாய், இரவு 9.40

வணக்கம். அப்பாவுக்கு வயது 68. மூன்று கிழமையாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வலப்பக்க விலாவுக்குக் கீழே நோகிறது என்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை பிட்டும் இறால் பொரியலும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், பன்னிரண்டு மணிக்கு எழுந்து விறாந்தையில் குனிந்தபடியே நடந்துகொண்டிருந்தார். நோவு முதுகுக்கும் வலத் தோளுக்கும் ஏறியதாம். விடிந்ததும் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். விலாவுக்குக் கீழே கையை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார், அப்பா பாதியில் மூச்சை நிறுத்திவிட்டார். துண்டில் இரண்டு வரி: வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கான், இரத்தப் பரிசோதனை. அவ்வளவுதான்.

ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவுக்கு இது போதவில்லை. “அது பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு எடுக்கிற ஸ்கான். அண்ணனை எம்.ஆர்.ஐ.க்குக் கொண்டு போ, காசு நான் அனுப்புகிறேன்” என்று ஒரே பிடி. முன்பதிவு செய்யப் போன இடத்திலும் (பெயர் வேண்டாம்) கவுண்டரில் இருந்தவர், “இதோடு சேர்த்து முழு உடம்பும் பார்த்துவிடலாமே” என்று ஒரு விலைப்பட்டியலை நீட்டினார். எனக்குத் தலை சுற்றுகிறது. விலை குறைந்த ஸ்கான் என்றால் குறைவாகத்தான் தெரியுமா? எந்த மெசின் எதைக் காட்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடலோடி · செவ்வாய், இரவு 10.15

தங்கச்சி, நான் திருகோணமலை கொட்பேயிலிருந்து பலநாள் படகில் போகிறவன். மருத்துவம் தெரியாது. ஆனால் அல்ட்ராசவுண்டை யாரும் இளக்காரமாகச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே அதன் அண்ணனான மீன் தேடும் கருவியால்தான்.

படகின் அடியில் ஒரு குமிழ் பூட்டியிருக்கிறது. அது தண்ணீருக்குள் ஒரு சத்தம் போடும், நம் காதுக்குக் கேட்காது. அந்தச் சத்தம் எதிலாவது பட்டுத் திரும்பி வரும். கடல்நீரில் சத்தம் விநாடிக்கு 1,500 மீற்றர் அளவில் ஓடும். போய்வர விநாடியில் பத்தில் ஒரு பங்கு பிடித்தால் 75 மீற்றரில் ஏதோ இருக்கிறது என்று கணக்கு. சேறு என்றால் திரையில் மங்கலாக விழும். பார், அதாவது கடலடிப் பாறை, என்றால் தடித்த கோடு.

இனித்தான் விசயம். மீன் கூட்டம் பளிச்சென்று தெரிவது பெரும்பாலும் சதையால் இல்லை, அதன் வயிற்றிலுள்ள காற்றுப்பையால். வயிற்றில் வரி ஓடும் சூரைக்குக் காற்றுப்பை கிடையாது. கீழே ஆயிரம் சூரை நின்றாலும் திரை ஏதோ தூசி மாதிரித்தான் காட்டும். அதைக் கடற்பறவை கூடும் இடத்தைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். இலட்சக்கணக்கில் கொடுத்துக் கருவி வாங்கினாலும் சூரைக்கு வானத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் மனைவியின் ஸ்கானுக்கு உள்ளே விட்டார்கள். அதே திரைதான், அதே சாம்பல் நிறம். பிள்ளை மட்டும் மீனை விட அதிகமாக உதைத்தது.

இருட்டறை · செவ்வாய், இரவு 11.05

27 வருடம் எக்ஸ்ரே அறையில் வேலை செய்தவன். பெயருக்குக் காரணம், நான் சேர்ந்த காலத்தில் படத்தை இருட்டறையில் மருந்தில் கழுவிக் கிளிப்பில் தொங்கவிட்டுக் காயவைப்போம்.

கடலோடி அண்ணன் முக்கால்வாசியைச் சொல்லிவிட்டார். மிச்சம் இது. மீன் தேடும் கருவிகள் 50 அல்லது 200 கிலோஹேர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 50 ஆயிரம் அல்லது 2 இலட்சம் அதிர்வில், வேலை செய்கின்றன. வயிற்றுக்கு நாங்கள் 2 முதல் 5 மெகாஹேர்ட்ஸ், அதாவது 20 முதல் 50 இலட்சம் அதிர்வு, பிடிக்கிறோம். 3.5 மெகாஹேர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு, அதனால் நுணுக்கம் வருகிறது. பதிலுக்கு ஆழம் குறைந்துபோகும். கருவிக்குள் 1,540 என்ற எண் பதிந்திருக்கிறது. அது மென்சதையில் ஒரு விநாடிக்குச் சத்தம் ஓடும் மீற்றர் கணக்கு. எதிரொலி திரும்ப எடுத்த நேரத்தை வைத்து ஆழத்தைப் போட்டுத் திரையில் புள்ளி வைக்கிறது. ஒரு விநாடிக்குள் பல படங்கள், அதனால்தான் பிள்ளை உதைப்பது தெரிகிறது.

கடலோடி அண்ணனுக்கு வாழ்வு கொடுக்கும் காற்று எங்களுக்குச் சத்துரு. சதையிலிருந்து காற்றுக்குத் தாவும் இடத்தில் சத்தம் கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடும், அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது. தோலுக்கும் கருவிக்கும் நடுவில் மயிரிழைக் காற்றுக்கூட இருக்கக் கூடாது என்றுதான் அந்தக் குளிர்ந்த களியைப் பூசுகிறோம். குடலில் வாயு நிறைந்திருந்தால் நிபுணரே கைவிட வேண்டி வரும். நுரையீரலையும் மண்டையோட்டின் உள்ளையும் பார்க்க இது அநேகமாக உதவாது.

உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். வைத்தியர் கையை வைத்ததும் மூச்சு நின்றது, எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு நோகிறது, தோளுக்கு ஏறுகிறது. அவர் பித்தப்பையைச் சந்தேகித்திருப்பார் என்று நினைக்கிறேன். பித்தப்பையில் கல் தேட முதலில் எடுக்க வேண்டியதே அல்ட்ராசவுண்ட்தான், கனடாவிலும் அதுதான். கல் வெள்ளையாக ஒரு பிறை போலத் தெரியும். சத்தம் அதைத் தாண்டிப் போகாததால் பின்னால் கறுப்பு நிழல் விழும்.

விலை கூடிய சி.ரி. (பல கோணங்களில் எக்ஸ்ரே எடுத்துக் கணினி துண்டு துண்டாகக் காட்டும் ஸ்கான்) இதே கல்லைத் தவறவிடலாம். சி.ரி.க்குத் தெரிவது அடர்த்தி வேறுபாடு மட்டும். கொலஸ்ட்ரோல் கல்லின் அடர்த்தி பித்தநீரின் அடர்த்தியோடு ஒத்துப்போனால் இரண்டும் ஒரே சாம்பலாகக் கலந்துவிடும். சிறுநீரகக் கல்லென்றால் கதை தலைகீழ். குழாயின் நடுவில் குடலுக்குப் பின்னால் சிக்கிய கல்லை அல்ட்ராசவுண்ட் விட்டுவிடும், சி.ரி. ஏமாறாது. இரண்டுமே கல்தான்.

முதல் நாள் இரவிலிருந்து ஒன்றும் சாப்பிட விடாதீர்கள். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும். “ஒரு பால் தேத்தண்ணிதானே” என்று குடித்துவிட்டு வந்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் பலர்.

பனிநாட்டான் · புதன், காலை 6.20

இங்கே நடுச்சாமம் வயிற்று நோவென்று அவசரப் பிரிவுக்குப் போன என்னை அரை மணியில் சி.ரி.க்குள் தள்ளினார்கள். குடல்வால் என்று கண்டு காலையில் வெட்டினார்கள். ஊரில் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஒரு நியாயம் கண்டுபிடிக்கிறீர்கள். அங்கே சி.ரி. இல்லாததால்தானே வேண்டாம் என்கிறீர்கள்?

இருட்டறை · புதன், காலை 7.10

பாதி நியாயம் உங்களிடம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். சி.ரி. சில விநாடிகளில் முழு வயிற்றையும் அள்ளிவிடும். அல்ட்ராசவுண்ட் கருவியைப் பிடிக்கும் கையைப் பொறுத்தது, அனுபவமில்லாத கை இருக்கிற கல்லையும் காணாது. விபத்து, தலையில் இரத்தக்கசிவு, குடலில் ஓட்டை என்று வந்தால் நானும் சி.ரி. என்றுதான் கத்துவேன். இந்தப் பக்கத்தில் அந்தப் படத்துக்காக நோயாளியை அம்புலன்ஸில் வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டுக் கைபிசைந்து நின்ற இரவுகளும் எனக்கு உண்டு. அதை நியாயப்படுத்த மாட்டேன்.

ஆனால் சி.ரி.க்கு ஒரு விலை உடம்பிலும் இருக்கிறது. இயற்கையிலிருந்து, அதாவது மண், வானம், சாப்பாடு எல்லாவற்றிலிருந்தும், ஒரு மனிதன் வருடத்துக்குச் சராசரி 2.4 மில்லிசீவேர்ட் கதிர்வீச்சு வாங்குகிறான். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று 0.1 அளவு, சில நாட்களின் கணக்கு. வயிற்று சி.ரி. 8 முதல் 10, மூன்று நான்கு வருடத்தின் கணக்கு. தேவையென்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். தேவையில்லாமல் ஏன்? அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் இந்தக் கதிரே கிடையாது.

சாம்பல்தீவான் · புதன், காலை 8.30

ஒரு சின்னச் சந்தேகம். எக்ஸ்ரே எடுத்தால் கதிர் உடம்பில் தங்கிவிடும், இளநீர் குடித்தால் இறங்கும் என்று அம்மா சொல்கிறார்.

இருட்டறை · புதன், காலை 8.45

சுவிச்சை அணைத்த பிறகு விளக்கின் வெளிச்சம் அறையில் தங்குமா? எக்ஸ்ரேயும் அப்படியே. இளநீர் குடியுங்கள், நல்லது, ஆனால் இதற்காக வேண்டாம். ஊசியில் கதிர்மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கான்தான் விதிவிலக்கு. தைரோய்ட், எலும்பு ஸ்கான்களுக்கு ஏற்றும் டெக்னீசியத்தின் வீரியம் 6 மணிக்கொரு தடவை பாதியாகும். இன்னொரு கதிர்மருந்து ஸ்கானான பெற் ஸ்கானுக்கு ஏற்றும் கதிர்ப் புளோரினுக்கு 110 நிமிடம். அங்கே கதிர் உடம்புக்குள்ளிருந்து வெளியே வருகிறது, எங்கள் எக்ஸ்ரேக்கு நேர்மாறு.

நிலாவெளி மாஸ்டர் · புதன், மாலை 4.50

பௌதிகம் படிப்பித்து ஓய்வு பெற்றவன், வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

கடலோடித் தம்பி அல்ட்ராசவுண்டை மீன் கருவியின் உறவு என்றது பகிடியில்லை. நீருக்குள் சத்தம் அனுப்பி எதிரொலி கேட்கும் வித்தை முதலாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடப் பிறந்தது. நம் திருகோணமலைத் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தபோது இங்கே நங்கூரமிட்ட போர்க்கப்பல்களில் அந்தக் கருவி இருந்தது. 1942 ஏப்ரல் 9 இல் ஆபத்து ஆகாயத்திலிருந்து, ஜப்பானிய விமானங்களாக, வந்தது, அது வேறு கதை.

அதை வயிற்றுக்குக் கொண்டுவந்தவர் கிளாஸ்கோவில் மகப்பேற்றுப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்ட். போரில் விமானப்படையில் இருந்தவர், ரேடார், சோனார் விசயங்கள் காதில் விழுந்திருந்தன. உருக்கு ஒட்டுகளில் வெடிப்பு இருக்கிறதா என்று எதிரொலியால் பார்க்கும் கருவி ரென்ஃப்ரூவில் ஒரு கொதிகலன் தொழிற்சாலையில் இருப்பதை அறிந்து 1955 ஜூலையில் அங்கே போனார். எப்படி? நோயாளிகளிடமிருந்து வெட்டியெடுத்த கட்டிகளைக் காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு! ஒப்பிட்டுப் பார்க்கத் தொழிற்சாலைக்காரர் ஒரு மாட்டிறைச்சித் துண்டை வைத்தார்களாம். நீர் நிறைந்த கட்டி ஒரு மாதிரியும் சதைக் கட்டி வேறு மாதிரியும் எதிரொலித்தன. பிறகு, வயிற்றில் தீராத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இதே முறையில் பார்த்தபோது, அது சூலகத்தில் வளர்ந்த நீர்க்கட்டி என்று தெரிந்தது. அறுத்து எடுத்தார்கள், பிழைத்தார். 1958 இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் கட்டுரை வந்தது.

சி.ரி.யின் கதையும் இப்படி ஒரு வேலிபாய்ச்சல். இசைத்தட்டு விற்ற இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியியலாளர் கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட், மருத்துவம் படிக்காதவர். எக்ஸ்ரே என்பது நிழல், விலா, இதயம், முள்ளந்தண்டு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த நிழல். ரொண்ட்கன் 1895 இல் மனைவியின் கையைப் படம் பிடித்த நாள் முதல் அதுதான் அதன் குறை. அச்சுப்பாணுக்குள் எறும்பு கிடந்தால் வெளியிலிருந்து தெரியுமா? துண்டு துண்டாக வெட்டினால்தான் தெரியும். கத்தி இல்லாமல் வெட்ட, பல கோணங்களிலிருந்து நிழலெடுத்து, எந்தப் புள்ளியில் எவ்வளவு அடர்த்தி இருந்தால் இத்தனை நிழலும் இப்படி விழும் என்று கணினியிடம் கணக்குக் கேட்டார். ஆய்வுகூடத்தில் முதல் முயற்சிக்குக் கதிர் பாய்ச்சவே 9 நாள் எடுத்தது. 1971 ஒக்ரோபர் 1 இல் இலண்டனில் முதல் நோயாளியின் மூளை 80க்கு 80 கட்டங்களில் தெரிந்தது. இன்றைய கைத்தொலைபேசிப் படத்தின் ஒரு மூலைக்கும் காணாது, ஆனால் உள்ளே கட்டி தெரிந்தது. 1979 இல் அவருக்கும் அலன் கோர்மக்குக்கும் நோபல் பரிசு.

மூதூரான் · புதன், இரவு 9.25

எம்.ஆர்.ஐ.க்குக் காசு இருந்தாலும் எல்லோராலும் போக முடியாது என்பதையும் எழுதிவைக்கிறேன். என் அண்ணனுக்கு 2006 ஆகஸ்டில் பட்ட ஷெல் துண்டு இடுப்புக்குள் இருக்கிறது. போன வருடம் கால் விறைப்புக்கு எம்.ஆர்.ஐ. எழுதினார்கள். கண்டி வரை பஸ்ஸில் போய், உடுப்பும் மாற்றிக் கதிரையில் உட்கார்ந்த பிறகு ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். “உடம்பில் உலோகத் துண்டு ஏதும் உண்டா?” அண்ணன் “ஓம்” என்று போட்டார். அன்று எடுக்கவில்லை. இதை முதலே கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு “ஓம்” போடுகிறவர்கள் ஒரு பஸ்ஸை நிரப்புவார்கள்.

இருட்டறை · புதன், இரவு 10.40

தம்பி, படிவத்தைப் பார்த்து நிறுத்தியது சரி, கண்டி வரை அலையவிட்டது பிழை.

எம்.ஆர்.ஐ. ஒரு காந்தக் குகை. வழக்கமான 1.5 டெஸ்லா கருவியின் பலம் இந்த ஊரில் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமிக்காந்தத்தைப் போல முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். சுருளைத் திரவ ஹீலியத்தில் −269 பாகைக் குளிரில் வைத்திருப்பதால் இரவிலும் போயா நாளிலும் காந்தம் அணைவதில்லை. நம் உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் கருக்கள் அதற்குள் ஒழுங்குக்கு வருகின்றன. 64 மெகாஹேர்ட்ஸ் வானொலி அலையால் அவற்றைத் தட்டினால், பழைய நிலைக்குத் திரும்பும்போது அவை மெல்லப் பதில் சொல்லும். கொழுப்பு ஒரு வேகத்தில், நீர் வேறு வேகத்தில், கட்டி இன்னொரு வேகத்தில். படம் அந்த வேக வித்தியாசம். உள்ளே கேட்கும் தகரம் தட்டும் சத்தம், இடத்தைப் பிரித்தறியக் காந்தத்தை மாற்றிமாற்றிக் கொடுக்கும் சுருள்கள் அதிர்வது. மூளை, முள்ளந்தண்டு நரம்பு, முழங்கால் தசைநார் ஆகியவற்றை இது காட்டும் அழகுக்கு ஈடில்லை.

இரும்புத் துண்டு அந்தக் காந்தத்தில் அசையலாம், சூடேறலாம். கண்ணுக்குள் ஒரு தூசி இரும்பு இருந்தாலே ஆபத்து, வெல்டிங் செய்கிறவர்களைக் குடைந்து கேட்பது அதற்குத்தான். ஆனால் துண்டு இருந்தாலே முடியாது என்றில்லை. துண்டு எங்கே, நரம்புக்கோ இரத்தக்குழாய்க்கோ எவ்வளவு கிட்ட என்று சாதாரண எக்ஸ்ரேயில் பார்த்து நிபுணர் முடிவெடுப்பார். பழைய எக்ஸ்ரேயைத் தேடியெடுத்துக் கையில் கொண்டு போங்கள். முடியாதென்றால் சி.ரி. இருக்கிறது.

கிண்ணியாத் தாதி · வியாழன், மதியம் 1.15

உவர்மலைத் தங்கச்சிக்கு இரண்டு சொல். அந்த “முழு உடம்பு” விலைப்பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். என் உம்மாவுக்கு யாரோ சொன்னார்கள் என்று எல்லாம் பார்த்தோம். ஈரலில் ஒரு நீர்க்கட்டி, இரண்டு சென்ரிமீற்றர். வயதானவர்கள் பலருக்கு இருக்கும், ஒன்றும் செய்யாது. வைத்தியர் இதைச் சொல்லி முடிக்குமுன் உம்மா மௌத்துக்கு ஆயத்தமாகிவிட்டார். ஆறு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. திரும்பப் பார்த்தபோது கட்டி அதே அளவில் இருந்தது, உம்மாதான் மெலிந்திருந்தார்.

ஸ்கானுக்குப் போகும்போது வைத்தியரின் துண்டையும் கிளினிக் கொப்பியையும் மறக்காதீர்கள். துண்டில் “வயிறு” என்று மட்டும் இருந்தால் பார்ப்பவர் எல்லாவற்றையும் மேலோட்டமாகத்தான் பார்ப்பார். “வல விலாவின் கீழ் நோவு, பித்தக்கல்லா?” என்று இருந்தால் அங்கேயே நின்று தேடுவார். அப்பாவுக்குக் காய்ச்சலோ நடுக்கமோ வந்தால், கண் மஞ்சளித்தால், ஸ்கான் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

உவர்மலை மகள் · சனி, இரவு 8.05

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் காலை எடுத்தோம். பால் தேத்தண்ணி கேட்டார், கொடுக்கவில்லை.

என்னையும் உள்ளே விட்டார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் இருட்டாக இருந்தது. களி பட்டதும் அப்பா துள்ளினார். வைத்தியர் ஒரு பெண், கருவியை விலா ஓரத்தில் சரித்துப் பிடித்து, “மூச்சை இழுங்கள் ஐயா, பிடியுங்கள்” என்றார். சாம்பல் நிறத்துக்குள் கறுப்பாக ஒரு பேரிக்காய் வந்து நின்றது. அதன் கழுத்தில் வெள்ளைப் பிறை. பிறைக்குக் கீழே கோல் வைத்துக் கீறியது போல ஒரு கறுப்புப் பட்டை. இருட்டறை அண்ணா எழுதியது அப்படியே. பிறகு அப்பாவை இடப்பக்கம் திரும்பச் சொன்னார். பிறை மெதுவாக உருண்டு பேரிக்காயின் அடிக்குப் போனது, நிழலும் அதன் பின்னாலேயே போனது. “அசைகிறது, கல்தான்” என்றார். 11 மில்லிமீற்றர். பித்தப்பையின் சுவர் தடிக்கவில்லை. பித்தக்குழாய் 4 மில்லிமீற்றர், அதற்குள் ஒன்றும் இல்லை.

சித்தப்பாவுக்காக எம்.ஆர்.ஐ. பற்றியும் கேட்டேன். குழாய் வீங்கியிருந்தாலோ, இரத்தத்தில் ஈரல் கணக்குகள் ஏறியிருந்தாலோ, கல் குழாய்க்குள் இறங்கியிருக்கிறதா என்று அதில் பார்க்கலாம், இப்போது அவசியமில்லை என்றார். இரத்த ரிப்போர்ட்டும் சரி. சத்திரசிகிச்சை கிளினிக்குக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். சித்தப்பா இன்னும் முழுதாகச் சமாதானமாகவில்லை, இழையை அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.

அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். கடலோடி அண்ணா எழுதியதை முதல் நாள் இரவு வாசித்துக் காட்டியிருந்தேன். கட்டிலில் படுத்தபடி வைத்தியரிடம் முதலில் கேட்ட கேள்வி, “ஆழம் எத்தனை மகள்?” அவர் திரையில் கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, “ஏழு சென்ரிமீற்றர் ஐயா” என்றார். அப்பாவுக்குப் பரம திருப்தி.

கடலோடி · சனி, இரவு 9.30

நாளை விடிய வெளிக்கிடுகிறோம். சூரை பட்டால் ஐயாவுக்கு ஒன்று கொண்டுவந்து தருகிறேன். பொரிக்க வேண்டாம் தங்கச்சி, எண்ணெய் விடாமல் புளியாணம் வைத்துக் கொடுங்கள்.